மதிப்பெண்ணா, வீணையா, கடைக் கணக்கா?

கேள்வி: நாங்கள் கரூரில் இருக்கிறோம். கணவருக்குப் போர்வை, துண்டு, திரைச்சீலை மொத்த வியாபாரம். ஒரே மகள். சிபிஎஸ்இ பள்ளியில் 11ஆம் வகுப்பு, கணிதம்-கம்ப்யூட்டர் பிரிவு. பத்தாம் வகுப்பில் 95 சதவீதம் எடுத்தவள், இந்த அரையாண்டில் கணிதத்தில் 78, இயற்பியலில் 74 வாங்கியிருக்கிறாள். அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க ஆசை. கோவையில் ஒரு கன்சல்டன்டைப் பார்த்தோம். "மதிப்பெண் எல்லோரிடமும் இருக்கிறது, ப்ரொஃபைல்தான் முக்கியம்" என்கிறார். என்ஜிஓ ஆரம்பிப்பது, ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுவது எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் கேட்கிறார். அவர் சொன்ன தலைமைப் பண்பு வகுப்புக்கு ஞாயிறுதோறும் கோவை போய் வருகிறோம். பள்ளியில் கணக்கு சாரோ, "எல்லாவற்றையும் நிறுத்துங்கள், வீணை உட்பட. மார்க் மட்டும்தான் பேசும்" என்கிறார். ஏழு வருடமாக வீணை கற்கிறாள். சாயங்காலத்தில் அப்பாவின் கடையில் கணக்கு எழுதுவாள், அதை ப்ரொஃபைலில் சேர்க்க முடியாது என்று கன்சல்டன்ட் சொல்லிவிட்டார். பாப்பா குழம்பிப்போயிருக்கிறாள், நாங்களும்தான். மதிப்பெண்ணுக்கு எவ்வளவு, மற்றவற்றுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்.

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் கணக்கு சார் சொல்வதும் சரி, கன்சல்டன்ட் சொல்வதில் பாதியும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு கல்லூரிகளை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அதுதான் சிக்கல். எந்த ஊர்ப் பேருந்து என்று பார்க்காமலே டிக்கெட் எவ்வளவு என்று கேட்டால் நடத்துநர் என்ன சொல்வார்? எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள் என்று முடிவானால்தான் எதற்கு எவ்வளவு என்ற கேள்விக்கே பொருள் வரும்.

கணக்கு சாருக்குத் தெரிந்த உலகத்தை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். அதில் வீணைக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. ஐஐடியில் பி.டெக் என்றால் ஜேஇஇ ரேங்க்தான். சென்னை ஐஐடி 2024 முதல் விளையாட்டுக்கும் 2025 முதல் நுண்கலைக்கும் என்று தனி இடங்கள் ஒதுக்குகிறது. ஆனால் ஒரு படிப்புக்கு இரண்டு இடங்கள்தான். அதற்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதித் தரவரிசைப் பட்டியலில் வந்திருக்க வேண்டும். ஆண்டு விழாச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது, தேசிய அளவில் பெயர் வாங்கியவர்களோடு போட்டி. இந்த வழியில் போவதென்றால் சார் சொல்வதை அப்படியே கேட்கலாம், வீணையை நிறுத்துவதைத் தவிர. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தியாவிலேயே இரண்டையும் பார்க்கிற இடங்களும் உண்டு. சோனிபட்டில் அசோகா பல்கலைக்கழகம், நம் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் கிரியா. மதிப்பெண்ணோடு கட்டுரை, நேர்காணல் எல்லாம் உண்டு, வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவியும் தருகிறார்கள். பொருளாதாரம் படிக்க ஆசைப்படும் பெண்ணின் பட்டியலில் இவை இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இவற்றின் பெயரே இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பக்கம் போனால் கதை வேறு. எடுக்கப்போகும் பாடத்தில் எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறாள், யோசிக்கத் தெரிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. வீணையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி அமெரிக்கா. "மதிப்பெண் எல்லோரிடமும் இருக்கிறது" என்ற வாக்கியம் உண்மைதான். மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்து ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அதுவரை வெளியே தெரியாத பல ஆவணங்கள் வெளிவந்தன. 2015இல் சேர்ந்த வகுப்புக்கு ஏறத்தாழ 35,000 பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள், இருந்தது சுமார் 1,600 இடம். உள்நாட்டு விண்ணப்பதாரர்களை மட்டும் எடுத்தாலே, சாட் (SAT, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் பொதுத் தேர்வு) கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 3,400 பேர். பள்ளியில் குறையே இல்லாத சராசரி வைத்திருந்தவர்கள் 8,000 பேருக்கு மேல். மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க அவர்களால் முடியாது என்பது இதிலேயே தெரிகிறது. இப்போது கூட்டம் இன்னும் அதிகம். 2024இல் சேர்ந்த வகுப்புக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், அனுமதி கிடைத்தது 1,937 பேருக்கு.

கன்சல்டன்ட் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார். 8,000 பேர் முழு மதிப்பெண்ணோடு நிற்கும் வரிசையில், 78ஐ வைத்துக்கொண்டு ப்ரொஃபைலை நம்பி நிற்பது எப்படி என்று அவர் சொல்வதில்லை. மதிப்பெண் நன்றாக இருப்பவர்களுக்கு நடுவில்தான் மற்றவை வித்தியாசத்தை உண்டாக்கும். மதிப்பெண்ணில் இருக்கும் பள்ளத்தை அவற்றால் நிரப்ப முடியாது. விதிவிலக்குகள் இருக்கின்றன, கல்லூரி அணிக்காகவே தேடிப் பிடிக்கப்படும் விளையாட்டு வீரர்களைப் போல. உங்கள் மகள் அந்த வகை இல்லை.

ஆகவே இன்றைய தேதிக்கு அவளுடைய ப்ரொஃபைலில் இருக்கும் ஒரே பெரிய ஓட்டை அந்த 78ம் 74ம்தான். நம் ஊரில் 11ஆம் வகுப்பை யாரும் மதிப்பதில்லை. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொதுத்தேர்வு, நடுவில் இருப்பது ஓய்வு வருடம் என்ற எண்ணம். சில பள்ளிகள் 11ஆம் வகுப்புப் பாடத்தையே பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. அமெரிக்கக் கல்லூரிகள் கேட்பது 9 முதல் 12 வரை நான்கு ஆண்டு மதிப்பெண். விண்ணப்பம் நவம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ போய்விடும். அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்தே இருக்காது, பள்ளி தரும் உத்தேச மதிப்பெண்தான் இருக்கும். அதனால் அவர்கள் கையில் இருக்கும் கடைசி முழு ஆண்டு, 11ஆம் வகுப்பு. பொருளாதாரம் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பெண்ணின் கணித மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பயப்பட வேண்டாம். அரையாண்டு தனியாகப் பெரிதாகத் தெரியாது, ஆண்டு இறுதி மதிப்பெண்தான் முக்கியம். சரிந்து, பிறகு ஏறிய மதிப்பெண்ணை அவர்கள் நல்ல கண்ணோடுதான் பார்ப்பார்கள். 78 ஒரு பள்ளியில் சுமார், இன்னொரு பள்ளியில் முதலிடம். அதனால் பள்ளி தன்னைப் பற்றி அனுப்பும் குறிப்பையும் சேர்த்துத்தான் படிப்பார்கள். உங்கள் பள்ளியில் இதற்கென்று ஆலோசகர் இல்லையென்றால் முதல்வரோ ஒரு ஆசிரியரோ அதை நிரப்பலாம். இப்போதே பேசி வையுங்கள், அக்டோபரில் போய் நின்றால் அவர்களுக்கும் சிரமம். சதவீதத்தை ஜிபிஏவாக, அதாவது அமெரிக்கப் பாணித் தரப்புள்ளிச் சராசரியாக, மாற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் பள்ளி கொடுத்தபடியே எழுதினால் போதும்.

சாட் தேர்வைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. கொரோனா காலத்தில் பல கல்லூரிகள் அதை விலக்கி வைத்தன. எம்ஐடி 2022இல் திரும்பக் கொண்டுவந்தது. ஹார்வர்ட், யேல், பிரவுன், டார்ட்மவுத் 2024இல் சாட் போன்ற ஒரு தேர்வை மறுபடியும் கட்டாயமாக்குவதாக அறிவித்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற சில இடங்கள் இன்றும் அதைப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்குப் பழக்கமில்லாத ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு, கணிதத்தில் நல்ல சாட் மதிப்பெண் பெரிய துணை. அந்த 78க்கு அது பாதி பதில் சொல்லிவிடும்.

இப்போது மற்றவற்றுக்கு வருவோம். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான் இடம், ஆங்கிலத்தில் இரண்டு வரிகூட வராது. அதோடு வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். பத்தையும் நிரப்பியே ஆகவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. ஐந்தாறு உண்மையான விஷயம் இருந்தால் தாராளம்.

முன்னே சொன்ன வழக்கில் ஹார்வர்டின் மதிப்பீட்டு வழிகாட்டியும் வெளிவந்தது. படிப்பு, பாடத்துக்கு வெளியே செய்தது, விளையாட்டு, குணநலன் என்று தனித்தனியாக எண் போடுகிறார்கள், ஒன்றுதான் உயர்ந்தது. வெளிச் செயல்பாட்டில் ஒன்று வாங்க வேண்டுமானால் தேசிய அளவில் சாதித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தொழில்முறை அனுபவம் இருக்க வேண்டும். பள்ளியிலோ வட்டாரத்திலோ தெரியும்படி பொறுப்பெடுத்துச் செய்திருந்தால் இரண்டு. நிறையக் கலந்துகொண்டாள், தனித்துத் தெரியவில்லை என்றால் மூன்று. மூன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு கன்சல்டன்ட் தருவது இந்த மூன்றைத்தான். சில இடங்களில் அதைவிடவும் கீழே.

ஏன் என்று சொல்கிறேன். 16 வயதுப் பிள்ளை தன் பெயரில் தொடங்கிய என்ஜிஓ, ஒரு இணையதளம், நோட்டுப் புத்தகம் விநியோகித்த நான்கு புகைப்படம். விண்ணப்பத்தைப் படிப்பவர் அன்று காலையிலேயே இப்படிச் சிலவற்றைப் பார்த்திருப்பார். ஆராய்ச்சிக் கட்டுரையும் அப்படித்தான். பணம் கட்டினால் எதையும் வெளியிடும் இதழ்கள் எவை என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் தலைப்பைப் பற்றி நேர்காணலில் இரண்டு கேள்வி கேட்டால் பிள்ளை முழிக்கும். நம் பக்கத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏதாவது செய்துவிட்டு "உலக சாதனை"ச் சான்றிதழ் வாங்குகிறார்களே, அதுவும் இந்தக் கணக்குதான். வரவேற்பறையில் மாட்டலாம், விண்ணப்பத்தில் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, கடையில் கணக்கு எழுதுகிறாள் என்பது. அதைச் சேர்க்க முடியாது என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொது விண்ணப்பத்தில் செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலேயே "குடும்பப் பொறுப்பு" என்று ஒன்று இருக்கிறது, "சம்பளத்துக்குச் செய்த வேலை" என்று இன்னொன்றும் இருக்கிறது. ஹார்வர்டின் அந்த வழிகாட்டியில் ஐந்து என்ற எண் ஐந்தாம் தரத்தைக் குறிப்பதில்லை. குடும்பப் பொறுப்பு, படிக்கும் காலத்தில் வேலை என்று வழக்கமான செயல்பாடுகளுக்கு வெளியே நிறையச் செய்திருப்பவர்களுக்கென்று வைத்திருக்கும் தனிக் குறியீடு அது.

அதிலும் இவள் படிக்க ஆசைப்படுவது பொருளாதாரம். கரூரில் போர்வை மொத்த வியாபாரத்தில் ஒரு சாயங்காலம் என்னவெல்லாம் நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நூல் விலை ஏறுகிறது, பழைய விலைக்கு ஆர்டர் எடுத்தாகிவிட்டது. வெளியூர்க் கடைக்காரர் 90 நாள் கடன் கேட்கிறார், தறிக்காரருக்கு வாரக் கூலி ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும். ஜிஎஸ்டி கட்டும் தேதி வந்துவிடும், பணம் வந்திருக்காது. இதையெல்லாம் தினமும் டாலி கணக்கு மென்பொருளிலோ நோட்டிலோ எழுதும் பெண்ணுக்கு, ஏட்டில் லாபம் இருந்தும் கையில் காசு இல்லாமல் போவது எப்படி என்று கல்லூரிக்குப் போகும் முன்பே தெரியும். தலைமைப் பண்பு வகுப்பு இதில் எதைச் சொல்லிக் கொடுத்துவிடும்?

அந்த வேலையை இன்னும் ஒரு படி எடுத்துப் போகச் சொல்லுங்கள், அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். கடந்த மூன்று நான்கு வருடக் கணக்கு கடையில் இருக்கும். யார் எத்தனை நாள் தாமதமாகப் பணம் கொடுக்கிறார்கள், நூல் விலை மாறி எத்தனை வாரம் கழித்துப் போர்வை விலை மாறுகிறது என்று ஒரு எக்ஸெல் தாளில் போட்டுப் பார்க்கலாம். அதை வைத்து அப்பா ஒரே ஒரு முடிவை மாற்றினால்கூடப் போதும், ஒருவருக்கு 90 நாளை 45 ஆக்கியது மாதிரி. அதை அந்தச் சின்ன இடத்தில் நேர்மையாக எழுதினால், வெளியிடக் காசு கொடுத்த எந்தக் கட்டுரையும் அதன் பக்கத்தில் நிற்காது. 650 சொல் வரை போகும் கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருக்குமே, அதற்கும் விஷயம் இங்கேயே இருக்கிறது. வாடிக்கையாளர் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.

வீணை? ஏழு வருடம் விடாமல் ஒன்றைச் செய்திருப்பது சின்ன விஷயம் இல்லை. ஹார்வர்டின் எண்ணில் அது இரண்டா மூன்றா என்பது அவள் எந்த அளவுக்கு வாசிக்கிறாள் என்பதைப் பொறுத்தது, கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. கச்சேரி அளவுக்கு வாசிக்கிறாள் என்றால், சில கல்லூரிகள் ஒலிப்பதிவை அனுப்ப இடம் தருகின்றன. கோயிலிலோ பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதிலோ அது வெளியே வந்திருந்தால் எழுதலாம். ஒன்றுமே இல்லை, வீட்டில் மட்டும் வாசிக்கிறாள் என்றாலும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். அவளுடைய மதிப்பெண்ணைச் சாப்பிட்டது வீணை என்று எனக்குத் தோன்றவில்லை. ஏழு வருடமாக வீணை இருந்தது, பத்தாம் வகுப்பில் 95 வந்தது. புதிதாக வந்தது ஞாயிற்றுக்கிழமைப் பயணம். கரூரிலிருந்து கோவை போக வர ஆறு மணி நேரம், வகுப்பு தனி. திங்கட்கிழமை பள்ளியில் தூங்கி வழியாமல் என்ன செய்வாள்? நிறுத்த வேண்டியது அதைத்தான், இந்த வாரமே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், பணம். இந்த வகைத் தனியார் கல்லூரிகளில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது, ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய். உதவித்தொகை கேட்கும் வெளிநாட்டு மாணவருக்குப் பல கல்லூரிகளில் தேர்வே கடினமாகிவிடும். உதவி கேட்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவு செய்வார்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மவுத், ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற சில இடங்களில்தான் அதைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, பிறகு தேவைக்கேற்ப முழு உதவி தருகிறார்கள். அவைதான் நுழையவே மிகக் கடினமானவையும்கூட. கலிபோர்னியா போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரி ஆவணங்கள், கடையின் வரவு செலவு எல்லாம் உதவி விண்ணப்பத்துக்குக் கேட்பார்கள். அதை எழுதியவளே வீட்டில் இருக்கிறாள், ஒரு கவலை குறைவு.

வருடத்துக்கு எவ்வளவு முடியும் என்று உங்கள் கணவரிடம் ஒரு தொகை கேளுங்கள். அதை மகளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். தேர்வான பிறகு "பணம் இல்லை" என்று சொல்வதைவிட இப்போது சொல்வது நல்லது. இந்தத் தொகையை வைத்துப் பட்டியல் போட்டால் கல்லூரிகளில் பாதி தானாகவே நீங்கும். கன்சல்டன்டுக்கு வைத்திருக்கும் மூன்றரை லட்சத்தில் சாட் கட்டணம், விண்ணப்பக் கட்டணங்கள் எல்லாம் போக நிறைய மிஞ்சும். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு விலக்கு தரும் கல்லூரிகளும் இருக்கின்றன.

பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் எதை எவ்வளவு பார்க்கிறோம் என்று "காமன் டேட்டா செட்" என்ற ஆவணத்தில் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் ஒரு அட்டவணை: மதிப்பெண், தேர்வு, கட்டுரை, பரிந்துரைக் கடிதம், வெளிச் செயல்பாடு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேராக மிக முக்கியம், முக்கியம், கவனிப்போம், கவனிக்க மாட்டோம் என்ற நான்கில் ஒன்றைக் குறித்திருப்பார்கள். இலவசமாகவே கிடைக்கும். கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடச் சொல்லுங்கள், பத்துக் கல்லூரிக்கு ஒரு மாலை போதும். நீங்கள் என்னிடம் கேட்ட "எதற்கு எவ்வளவு" என்பதற்கு அந்தந்தக் கல்லூரியே எழுதி வைத்திருக்கும் பதில் அது.

இப்போதைக்கு வாரக் கணக்கு இப்படி இருக்கட்டும். ஆண்டுத்தேர்வு வரை கணிதமும் இயற்பியலும்தான் முதலில். கடைக்கு வாரத்தில் மூன்று சாயங்காலம் போதும், மற்ற நாட்களில் அப்பா சமாளித்துக்கொள்ளட்டும். வீணை வழக்கம்போல, புதிய தரத் தேர்வு எதுவும் வேண்டாம். என்ஜிஓ வேண்டாம். தேர்வு முடிந்ததும் சாட் பயிற்சி, ஆகஸ்டிலோ அக்டோபரிலோ எழுதலாம். அந்தக் கணக்கு சாரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். 78இலிருந்து அவள் எப்படி மேலே வந்தாள் என்று எழுத அவரைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. கறாரான மனிதர் போலத் தெரிகிறது, அப்படிப்பட்டவர் பாராட்டி எழுதினால் நம்புவார்கள்.